இடுப்பில் குத்தாத உறை

போன கிழமை உங்களில் ஒருத்தி எனக்கு ரெலிபோன் எடுத்தாள். யாரென்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற மூன்று பேரும் பகிடி பண்ணியே அவளைக் கொன்றுவிடுவீர்கள்.

"அன்ரி, துவக்குக் கட்டிக்கொண்டு கார் ஓடேக்கை விலாவிலை குத்துது. நாரி விட்டுப்போகுது. எந்த ஹில்ஸ்டர் வசதி எண்டு சொல்லுங்கோவன்."

ஹில்ஸ்டர் என்று அவள் நோர்வேஜியனில் சொன்னது துவக்கு உறையை. நாலு தமிழ்ப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒஸ்லோ பொலிஸில் இருக்கிறீர்கள் என்பதே எனக்கு ஒரு புதினம்தான். நான் சேர்ந்த காலத்தில் கண்ணாடியைப் பார்த்தால்தான் இன்னொரு தமிழச்சியைக் காணலாம். பிறகு சொல்லுகிறேன் என்று ரெலிபோனை வைத்துவிட்டேன். அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை நித்திரை கொள்ள விடவில்லை. வாயால் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் அழுதுவிடுவேன் என்று பயம். அதனால் எழுதுகிறேன், நாலு பேரும் வாசியுங்கள்.

முதலில் அவள் கேட்டதற்குப் பதில். நோர்வேப் பொலிஸ் எப்போதும் துவக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவதில்லை; அது காருக்குள் பூட்டிக் கிடக்கும், இப்போது உங்களுக்கு வந்திருப்பதுபோல கட்டளை வந்தால்தான் இடுப்புக்கு வரும். உங்களுக்கு இது தெரியும், உங்களிடம் வாங்கி வாசிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். ஆனால் இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் நான் இருந்த பிரிவு வேறு மாதிரி. உயிராபத்து உள்ள சாட்சிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய் விடுவதுதான் வேலை. சாதாரண உடுப்பு, சாதாரண கார். துவக்கு உடம்பில் இருக்கும், இரண்டு கையும் ஸ்ரியறிங்கில் இருக்கும். நான் சாரதி.

அங்கே எனக்கு முன் சாரதியாக இருந்த மனிதரின் பெயர் வேண்டாம். உயிரோடு இருந்திருந்தால், தன் பெயரை எழுதிப்போட்டேன் என்றே எனக்கு ஏசியிருப்பார். வடக்கு நோர்வேக்காரர். அந்தப் பக்கத்து ஆட்களின் வாய் உங்களுக்குத் தெரியும்தானே, காலை வணக்கத்திலும் இரண்டு தூஷணம் இருக்கும். நான் போன முதல்நாள் சாமான் அறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று உறைகளை ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ என்ன, கலியாணத்துக்கா வெளிக்கிடுகிறாய்?" என்றார். "வந்து இதில் இரு."

அறையின் மூலையில் ஒரு பழைய கார் ஆசனம் கிடந்தது. உடைத்த பொலிஸ் கார் ஒன்றிலிருந்து கழற்றி, மரப்பலகையில் அடித்து, சீற் பெல்ட்டும் பூட்டி வைத்திருந்தார். மாரிகால ஜக்கெட்டைப் போடச் சொன்னார். பெல்ட்டை மாட்டச் சொன்னார். பிறகு என்னை அப்படியே இருக்கவிட்டுவிட்டு, கோப்பியை ஊற்றிக்கொண்டு பேப்பர் வாசிக்கத் தொடங்கினார். மனிதருக்கு விசர் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் விளங்கியது. வலப்பக்க இடுப்பில் கட்டினால் பிடி என் விலா எலும்பைக் குத்தியது, சீற் பெல்ட்டின் கொழுக்கியும் சரியாக அதற்கு மேலேயே வந்து இருந்தது. அவசரத்துக்கு இரண்டில் ஒன்றையும் எடுக்கமுடியாது. ஆறடி உயரத்து நோர்வே ஆம்பிளையின் நீட்டு முதுகை அளந்து செய்த சாமான் அது. என்னைப்போல் குள்ளமான ஒருத்தி சீற்றை முழுக்க முன்னுக்குத் தள்ளிவைத்துக் கார் ஓடுவாள் என்று செய்தவனுக்குத் தோன்றவே இல்லை. முதுகுப் பக்கம் வைத்தால் நாரிக்குள் கல்லைச் செருகினது போல இருந்தது. கார் எங்கேயும் மோதினால் முள்ளந்தண்டு போய்விடும். கணுக்காலில் கட்டலாம் என்றேன். "பிரேக்கை எந்தக் காலால் மிதிப்பாய், உன் அம்மாவின் காலாலா?" என்றார்.

அடுத்தது தோளில் மாட்டுகிற உறை. இடக் கக்கத்துக்குக் கீழே படுக்கையாக இருக்கும். ஐயோ, அது என்ன சுகம்! குத்துவதும் இல்லை, இழுப்பதும் இல்லை.

"இதுதான்," என்றேன்.

அவர் ஒரு முக்காலியை இழுத்து என் ஆசனத்துக்குப் பின்னால் போட்டு இருந்தார். "திரும்பிப் பார்," என்றார். திரும்பினேன். துவக்கின் வாய் அவருடைய நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உனக்குப் பின்னால் யார் இருக்கப்போகிறார்கள்?"

"நாங்கள் காப்பாற்றவேண்டிய ஆட்கள்."

"அப்போ உன் சுகத்துக்காக அவர்களின் நெஞ்சுக்கு நேரே குழாயைப் பிடித்துக்கொண்டு ஒஸ்லோ முழுக்க ஓடப்போகிறாய்?" நடுவில் இருந்த தூஷணங்களை நான் எடுத்துவிட்டேன்.

கடைசியில் தெரிவுசெய்தது இதுதான்: பெல்ட்டில் இடப்பக்கம், வயிற்றுக்குக் கொஞ்சம் ஓரமாக, பிடி வலக்கைக்கு வாக்காகச் சரிந்திருக்கிற உறை. விலாவும் தப்பியது, நாரியும் தப்பியது, கொழுக்கியும் மற்றப் பக்கத்தில். மேலே ஜக்கெட் மூடிவிடும். கொஞ்ச நேரம் இருந்தால் அது இருப்பதே மறந்துபோகும். ஆனால் அவர் என்னை எழுப்பி நிற்கவைத்து, எனக்கு முன்னால் வந்து நின்று, கையை நீட்டினார். பிடி அவருடைய கைக்கு நேரே இருந்தது.

"இருக்கிறவளுக்கு இது நல்லது. நிற்கிறவளுக்கு இது கூடாது. எதிரில் நிற்கிறவனிடம் நீயே எடுத்துக் கொடுத்தமாதிரி. ஆனபடியால் நீ இறங்காதே. கதவு திறக்கிறது, பை தூக்கிறது எல்லாம் பக்கத்து ஆசனக்காரனின் வேலை. சாரதியின் ஆயுதம் அவளுடைய காலுக்குக் கீழே இருக்கிறது."

இதுதான் பிள்ளை உன் கேள்விக்குப் பதில். நின்று பார்க்காதே, இருந்து பார். ஜக்கெட்டோடும் பெல்ட்டோடும் பார். பின்னால் ஒரு ஆளை இருத்திப் பார். என்னைப்போல் குள்ளமென்றால் இடப்பக்கம் வை. இதோடு நான் பேனையை வைத்திருக்கலாம். ஆனால் நீ வசதி, வசதி என்று மூன்று தரம் சொன்னாய், எனக்கு றெஜினா அக்காவின் முகம் வந்துவிட்டது.

றெஜினா என்பது உண்மையான பெயர் இல்லை. மன்னார்க்காரி. புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை, தமையன் கூப்பிட்டு இந்த நாட்டுக்கு வந்து, ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில், ஒரு தொடர்மாடியில் தனியாக இருந்தவர். சமாதானப் பேச்சு ஊரில் இழுபறிப்பட்டுக்கொண்டிருந்த காலம். அந்தத் தொடர்மாடியின் நிலவறையில், சைக்கிள் விடுகிற அறை வாசலில், ஒரு தமிழ்ப் பெடியனைக் குத்திப் போட்டார்கள். றெஜினா அக்கா உடுப்புத் தோய்க்கக் கீழே இறங்கினவர். குத்தியவனின் முகத்தை ரியூப் லைற் வெளிச்சத்தில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவனும் எங்கள் பெடியன்தான்.

செத்த பெடியனின் தாயை, சிவமலர் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. இரண்டு பெண்களும் சிநேகிதிகள். றெஜினா அக்கா அன்றைக்கே பொலிஸுக்கு எல்லாவற்றையும் சொன்னார். கத்தியும் கிடைக்கவில்லை, வேறு சாட்சியும் இல்லை. அவர் வாய் திறந்தால் வழக்கு நிற்கும், திறக்காவிட்டால் விழும்.

பிறகு எங்கள் சனம் தொடங்கியது. ரெலிபோன்மேல் ரெலிபோன். "ஒரு பெடியன் செத்துப்போனான், அதுக்கு இன்னொருத்தனையும் உள்ளை தள்ளோணுமோ?" "எங்கடை பிரச்சினையை வெள்ளைக்காரனிட்டை ஏன் கொண்டுபோறியள்?" கோயில் வாசலில் வைத்து ஒரு மனுசி முகத்துக்கு நேரே கேட்டாளாம். இதெல்லாம் பொறுக்கலாம். குத்தியவனின் கூட்டாளிகளிடம் ஒரு பிஸ்டல் இருக்கிறது என்று பொலிஸுக்குத் தகவல் வந்தது. அன்றைக்கே அவரை நகரத்துக்கு வெளியே ஒரு மறைவான வீட்டுக்கு மாற்றக் கட்டளை வந்தது. சாரதி நான். தமிழ் தெரிந்த சாரதி கிடைத்தாளே என்று மேலிடத்துக்குப் பெரிய சந்தோசம்.

பக்கத்து ஆசனத்தில் என்னோடு எப்போதும் வருகிற நோர்வேப் பெடியன் இருந்தான். நெட்டையன் என்றுதான் நான் கூப்பிடுவேன், அவனுக்கும் அந்தச் சொல் பழகிப்போய்விட்டது. நல்ல பிள்ளை. றெஜினா அக்கா பின்னால், அவனுக்குப் பின்பக்கமாக. வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் அவர் வாயே திறக்கவில்லை. நான்தான் தமிழில் "குளிருதே அக்கா, ஹீற்றரைக் கூட்டிவிடவோ?" என்று கேட்டேன்.

"நீ தமிழே பிள்ளை! எவடம்?"

"ஊர்காவற்றுறை."

"வேதமே? மாதா கோயில் ஆக்களே?"

"ஓம் அக்கா."

அதற்குப் பிறகு வாய் ஓயவில்லை. அந்தக் காரில் எங்கள் ஊர்க் கதை கேட்கவே எனக்கும் ஆசையாக இருந்தது. ஒரு கட்டத்தில் குரலைத் தாழ்த்தினார், நெட்டையனுக்குத் தமிழ் விளங்கும் என்பதுபோல.

"உவன் நெட்டையன்ரை இடுப்பிலை துவக்கு இருக்கு. கண்டனான். அது பறவாயில்லை. வெள்ளைக்காரன் துவக்கு வைச்சிருந்தா எனக்குப் பயமில்லை பிள்ளை. தமிழ் கதைக்கிற ஆளின்ரை துவக்குக்குத்தான் பயம்."

"ஏன் அக்கா?"

"என்ரை மனுசனைக் கொண்டுபோனது அப்பிடித்தானே. சைக்கிள் கடை வைச்சிருந்தவர். ஒரு வான் வந்து நிண்டுது. வானை ஓட்டிக்கொண்டு வந்தவன் பக்கத்துக் கிராமத்துப் பெடியன். இறங்கி வந்து, 'அண்ணை ஏறுங்கோ, சின்ன விசாரணை, பின்னேரத்துக்குள்ளை கொண்டுவந்து விடுறம்' எண்டான். கதவையும் அவன்தான் திறந்துவிட்டவன், அவ்வளவு மரியாதை. சேட்டுக்குள்ளை என்னவோ புடைச்சுக்கொண்டு இருந்தது. தம்பி, உது என்ன எண்டு கேட்டனான். ரோச் லைற் அக்கா எண்டான். நானும் நம்பினனான்."

புருஷன் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனது, என்ன குற்றம் என்று இன்றுவரை தெரியாது. பிறகு என் ஆசனத்தின் தோளில் கையை வைத்துச் சொன்னார்:

"நல்ல காலம், உன்னை வெறும் டிரைவரா விட்டிருக்கினம். உன்னைக் கண்டாப் பிறகுதான் நெஞ்சுக்குத் தண்ணி வந்தது."

என் இடப்பக்கத்தில் ஜக்கெட்டுக்குக் கீழே அது இருந்தது. குத்தவில்லை, உறுத்தவில்லை. அவர் சொன்ன பிறகுதான் அது இருப்பதே எனக்கு நினைவு வந்தது. யார் ஆயுதம் வைத்திருக்கிறார்கள் என்று கூட்டிப்போகும் ஆளிடம் சொல்லக்கூடாது என்பது விதி. நல்ல விதிதான். நான் வாயை மூடிக்கொண்டு பாதையைப் பார்த்தேன். நெட்டையன் "என்னவாம்?" என்று கேட்டான். "கணவரைப் பற்றிச் சொல்லுகிறார்," என்றேன்.

வழக்குக்கு முதல் சில தடவை அந்த மறைவான வீட்டுக்கு அரிசியும் மிளகாய்த்தூளும் கொண்டுபோய்க் கொடுத்தோம். நான் இறங்குவதில்லை. அவர் யன்னலால் கை காட்டுவார், நெட்டையனிடம் எனக்கென்று ஒரு பெட்டி புட்டுக் கொடுத்துவிடுவார். ஒருநாள் வாசல்வரை வந்து கார்க் கண்ணாடிக்குள்ளால் கதைத்தார்.

"எனக்குப் பயம்தான் பிள்ளை. ஆனா நான் சொல்லாட்டி ஆர் சொல்லுறது? சிவமலர் ஒவ்வொரு நாளும் அந்த நிலவறை வாசலாலைதானே வெளியிலை போகோணும். பிள்ளை கிடந்த இடத்தைத் தாண்டித்தானே வேலைக்குப் போகோணும். அவளுக்காகச் சொல்லுவன்."

சாட்சி சொல்லுகிற நாள் வந்தது. முதல்நாள் பனி உருகி, இரவோடு இரவாக இறுகிப்போயிருந்தது. எட்டு மணிக்கும் விடியவில்லை. நெட்டையன் இறங்கி ஒழுங்கையின் வாய்வரை போய், வழியில் வேறு கார் ஏதும் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றான். கார் வாசலுக்கு நேரே, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹீற்றர் சூட்டில் நான் ஜக்கெட்டின் சிப்பைத் திறந்துவிட்டிருந்தேன். நெட்டையன் திரும்பி வரும்வரை உள்ளே இருங்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தது. ஆனால் நீதிமன்றத்துக்குப் பிந்தப் போகிறோம் என்ற அந்தரத்தில் மனுசி கதவைத் திறந்துகொண்டு தானாக வெளிக்கிட்டுவிட்டார். ஒரு கையில் பை, மற்றக் கையில் துணியால் கட்டிய சாப்பாட்டுப் பெட்டி. மூன்று படி, மூன்றும் கண்ணாடிபோல ஐஸ்.

முதல் படியிலேயே கால் வழுக்கியது.

பிள்ளைகள், நான் இறங்கினேன். சாரதி இறங்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும், ஏன் என்றும் தெரியும். எங்கள் ஆள் ஒருத்தி, என்னைவிட மூத்தவர், எனக்குப் புட்டு அவித்துத் தந்தவர், ஐஸில் விழப்போக நான் ஆசனத்தில் இருந்து கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருப்பேனா? ஒரு நோர்வேக்காரி ஆசனத்திலேயே இருந்திருப்பாள், அவள் செய்வதுதான் சரி. அந்த இடத்தில் நீங்கள் நாலு பேரும் இறங்குவீர்கள் என்று நான் எழுதித் தருவேன். இன்றைக்கும் நான் இறங்குவேன்.

"அக்கா, கவனம்!" என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். அவர் பையையும் பெட்டியையும் கைவிட்டு என்னைப் பிடித்தார். விழுகிறவர் எதைப் பிடிக்கலாம் என்று பார்ப்பதில்லை. திறந்த ஜக்கெட்டுக்குள் அவருடைய கை போய், என் இடப்பக்கத்தில் இருந்ததை இறுக்கிப் பிடித்தது. அதைப் பிடித்துத்தான் விழாமல் நின்றார்.

கை சுட்டதுபோல இழுத்துக்கொண்டார். உள்ளங்கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என்ன பிள்ளை?"

என் வலப்பக்கத்தில் றேடியோ இருந்தது. பொலிஸ் றேடியோ, அதுவும் கறுப்பு, அதுவும் கட்டி. "றேடியோ அக்கா" என்று சொல்லி, அதை எடுத்துக் காட்டியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், ஏனென்றால் நம்பத்தான் ஆசைப்பட்டுக்கொண்டு நின்றார், அது முகத்திலேயே தெரிந்தது. ஒழுங்கை வாயில் நெட்டையன் மணிக்கூட்டைக் காட்டிக் கை அசைத்தான். நீதிமன்றத்தில் நீதிபதியும், சட்டத்தரணிகளும், சிவமலர் அக்காவும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். என் வாய்க்குள் "றே" என்ற எழுத்துவரை வந்துவிட்டது. அந்த நேரம்தான் எனக்கு அந்த ரோச் லைற் நினைவுக்கு வந்தது.

"துவக்கு அக்கா," என்றேன்.

"அண்டைக்கும் இருந்ததே?"

"ஓம்."

"நான் மனுசன்ரை கதை சொல்லேக்கையும்?"

"ஓம் அக்கா."

அவர் ஏசவில்லை, அழவும் இல்லை. குனிந்து பையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்தார். பெட்டியில் ஒட்டியிருந்த பனியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "ஏறத்தானே வேணும். அவரும் உப்பிடித்தான் ஏறினவர்," என்று சொல்லிக்கொண்டு, நான் திறந்துவிட்ட கதவால் காருக்குள் ஏறினார். கதவைத் திறந்துவிட்டது நான்தான். அதைச் செய்துகொண்டிருக்கும்போதே என் கையை வெட்டிப்போடலாம் போல இருந்தது.

பாதை முழுக்க எனக்கு ஒரே யோசனை. ஓரத்தில் நிற்பாட்டி, அவருடைய கண்ணுக்கு முன்னால் துவக்கைக் கழற்றிப் பின்பெட்டிக்குள் பூட்டிவிட்டு ஓடினால் என்ன? கூட்டாளிகளிடம் பிஸ்டல் இருக்கிறது என்ற தகவல் சும்மா வந்தது இல்லை. வழியில் மறித்தால் நெட்டையன் ஒருவனின் துவக்கு போதுமா? ஆளின் உயிர் முதல், மனம் பிறகு என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறது. நான் கழற்றவில்லை. அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பின்னால் அவர் செபமாலை உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது எங்களுக்கான செபம் இல்லை என்று தெரிந்தது.

நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் காரை விட்டேன். நெட்டையன் அவரை மேலே கூட்டிப்போனான். நான் ஆசனத்திலேயே இருந்தேன், இந்தமுறை இறங்காமல். அவரைக் கூட்டிவந்து பின்னால் ஏற்றியபோது நெட்டையனின் முகம் சரியில்லை.

"பார்க்கவில்லையாம்," என்றான். "வெளிச்சம் போதாதாம். முகம் தெரியவில்லையாம். நீதிபதி மூன்று தரம் கேட்டார். முன்பு பொலிஸுக்குச் சொன்னது தவறு என்கிறார். என்ன நடந்தது இவருக்கு?"

நான் அவனுக்குச் சொன்னேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும். மொழிபெயர்த்துச் சொல்லலாம், அந்த வானை எப்படி மொழிபெயர்ப்பது?

திரும்பி ஓடும்போது, நகரம் தாண்டிய பிறகு, றெஜினா அக்கா தானாகக் கதைத்தார்.

"நீ பொய் சொல்லேல்லை பிள்ளை. அது எனக்கு விளங்குது. உன்னிலை கோவமும் இல்லை."

"அப்ப ஏன் அக்கா?"

"சொல்லத்தான் போனனான். கதிரையிலை இருந்து அவனைப் பாத்தன். அவன்தான். ஒரு சந்தேகமும் இல்லை. வாயைத் திறக்கேக்கை இந்தக் கைக்குள்ளை அது இருந்தது. நீ வைச்சிருக்கிறது. எல்லாரிட்டையும் இருக்கு எண்டு நினைச்சன். அவன்ரை ஆக்களிட்டை இருக்கு, பொலிஸிட்டை இருக்கு, என்ரை பிள்ளை எண்டு நினைச்ச உன்னட்டையும் இருக்கு. என்னட்டை ஒண்டும் இல்லை. பேந்து நான் ஆரை நம்பிச் சொல்லுறது?"

அவருடைய வலக்கை மடியில் மல்லாந்து கிடந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். வீடு வரும்வரை அந்தக் கையை அவர் மூடவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைப் பின் ஆசனத்திலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார். இந்தமுறை நெட்டையன்தான் கையைப் பிடித்து இறக்கினான்.

குத்திய பெடியன் விடுதலையானான். சனத்தில் சிலர் றெஜினா அக்காவுக்கு ரெலிபோன் எடுத்து, நல்ல வேலை செய்தாய் என்று பாராட்டினார்களாம். நாசமாய்ப் போவார். எனக்கு மேலிடத்தில் விசாரணை வைத்தார்கள். காரை விட்டு இறங்கினதுக்கு எச்சரிக்கை எழுதினார்கள், அது நியாயம்தான். அவரிடம் துவக்கு என்று சொன்னதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த வடக்குக்காரர் அப்போது ஓய்வுபெற்றிருந்தார். அவருடைய வீட்டுக்குப் போய் முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார், முடியும்வரை அவருடைய வாயிலிருந்து ஒரு தூஷணம்கூட வரவில்லை. "உறை பிழையில்லை," என்று மட்டும் சொன்னார்.

நான் இன்னும் கொஞ்சக் காலம் அதே உறையோடு அதே வேலையைச் செய்தேன். அது அதற்குப் பிறகு ஒருநாளும் எனக்கு மறந்துபோகவில்லை. குத்தாத சாமான்தான், ஆனால் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அது இருக்கிற இடம் தெரிந்தது. பிள்ளை, நீ இப்போது விலாவில் குத்துகிறது என்று சிணுங்குகிறாய். கொஞ்சம் குத்தட்டும். இருக்கிறது என்று உனக்குத் தெரிந்துகொண்டாவது இருக்கும்.

உங்களுக்குச் சொல்லாமல் விடலாம் என்று நினைத்த ஒன்று மிச்சம் இருக்கிறது. அடுத்த இளவேனிலில் ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் மரக்கறி வாங்க நின்றேன். பின்னால் யாரோ என் தோளைத் தொட்டார்கள். சிவமலர் அக்கா. வேலை உடுப்போடு, கையில் ஒரு பையோடு. ஆள் பாதியாகிவிட்டார். வழக்குக்குப் பிறகு என்னை எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது, பொலிஸ் பிள்ளை என்றால் நான் ஒருத்திதான். ஏசப்போகிறார் என்று நினைத்து, வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"றெஜினா வந்தவ," என்றார். "என்ரை காலைப் பிடிச்சு அழுதவ. எல்லாம் சொன்னவ. வழுக்கினது, கை பட்டது, நீ துவக்கு எண்டு சொன்னது. நான் அவளைக் குறை சொல்லேல்லை. அவளின்ரை மனுசனுக்கு நடந்தது எனக்குத் தெரியுந்தானே."

ஆட்கள் எங்களை விலத்திக்கொண்டு போனார்கள். "அவன் இப்பவும் அந்தக் கட்டடத்துக்கு வந்து போறான் பிள்ளை," என்றார். "அவன்ரை சிநேகிதப் பெடியன் ஒருத்தன் அஞ்சாம் மாடியிலை. என்ரை பிள்ளையைக் குத்தினவன் லிஃப்டிலை என்னோடை ஏறினவன். அன்ரி, எத்தினையாம் மாடி எண்டு கேட்டு, எனக்கு மூண்டை அமத்திவிட்டவன்."

"அக்கா, அவவுக்கு நான் பொய் சொல்லக்கூடாது எண்டு…" என்று தொடங்கினேன்.

"தெரியும். நீ நல்ல பிள்ளை." அவர் என் கையைப் பிடித்தார். குளிர்ந்த கை, சவர்க்காரம் மணத்தது. "ஆனா ஒரு பொய் சொல்லியிருக்கலாமே அம்மா. என்ரை பிள்ளைக்காக. ஒண்டே ஒண்டு."

கையை விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, அவர் ரயில் பக்கம் நடந்து போனார்.